டிரைவரய்யாவும் ஒடிந்த அச்சும்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிராக்டர் கருவிக் கடையில் சென்ற மாதம் ஒரு வீடியோ வெளியிட்டார்கள். டிஸ்க் ஹாரோவைப் பராமரிப்பது எப்படி என்பது அதன் தலைப்பு. இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டையும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஒருவர், பெயிண்ட் மணம் போகாத புது ஹாரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "விவசாயத் தோழர்களே, இது மிக மிக எளிது" என்கிறார். பிறகு மஞ்சள் துணி ஒன்றை எடுத்து, ஹாரோவின் இரும்புச் சட்டி ஒன்றைத் துடைக்கிறார். அதுவரை மண்ணையே பார்த்திராத சட்டி அது. அதில் துடைக்க என்ன இருந்ததோ தெரியவில்லை. முடிவில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார். பின்னணியில் நாதஸ்வரம் வேறு.

அதை எனக்கு அனுப்பிவைத்தவர்கள் இப்போது அங்கே சர்வீஸில் இருக்கும் தம்பிகள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்கள். "அண்ணா, உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கேஸ் எதுங்கண்ணா?" கைப்பேசியில் இரண்டு வரி பதில் தட்டலாம் என்று உட்கார்ந்தேன். கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். அது இரண்டு வரியில் அடங்கும் விஷயம் இல்லை.

என் பெயர் முனிரத்தினம். ஐ.டி.ஐ. முடித்த கையோடு தர்மபுரியில் அந்தக் கடையில் சேர்ந்தேன். முதலில் கொஞ்ச காலம் போல்ட்டுகளைக் கழற்றிக் கழுவினேன். பிறகு கொஞ்ச காலம், மற்றவர்கள் கழுவிய போல்ட்டுகளை மாட்டினேன். அதற்கப்புறம் என்னை மெக்கானிக் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் இதற்கு மேல் இல்லை.

டிஸ்க் ஹாரோவைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற கருவி. ஒரு நீள அச்சில் குழிவான வட்ட இரும்புச் சட்டிகளை இடைவெளி விட்டுக் கோத்திருப்பார்கள். முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. முன்வரிசை மண்ணை வெட்டி ஒரு பக்கம் தள்ளும். பின்வரிசை அதை மறுபடி வெட்டி எதிர்ப்பக்கம் தள்ளும். கட்டியெல்லாம் உடைந்து நிலம் விதைப்புக்குத் தயாராகும். அரசாங்கக் காகிதங்களில் இதற்கு வட்டுப் பலுகு என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி ஒருத்தரும் என்னை ஒரு வயலுக்கும் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் 'டிஸ்க்கு' என்றால் போதும்.

இதைக் காப்பாற்றுவது உண்மையிலேயே எளிதுதான். அந்த வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை. அச்சின் முனையில் இருக்கும் நட்டு எப்போதும் இறுக்கமாக இருக்க வேண்டும். புது டிஸ்க்கில் முதல் நாள் ஓட்டி முடித்ததுமே அது கொஞ்சம் தளரும். பெரிய ஸ்பேனரின் வாலில் இரும்புப் பைப்பைச் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு இறுக்க வேண்டும். விட்டால் சட்டிகள் ஆடும். ஆடினால் சட்டியின் நடுவில் உள்ள சதுரத் துவாரம் வட்டமாகும். வட்டமானால் அச்சு தின்னப்படும். பேரிங்குக்குத் தவறாமல் கிரீஸ் வைக்க வேண்டும். சட்டியில் ஒட்டும் மண்ணை வழிக்கிற தகடு, சட்டியைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். கருவிக்கு அடியில் கை வைப்பதற்கு முன்னால் கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். கருவியைத் தூக்கிப் பிடிக்கிற டிராக்டர் லிஃப்ட்டை நம்பி அடியில் போகக் கூடாது. லிஃப்ட்டுக்கு உறவுமுறை தெரியாது.

இவ்வளவுதான் பாடம். ஆனால் இதில் ஒன்றைக்கூட முழுசாகச் செய்தவரை என் சர்வீஸில் நான் பார்த்தது அபூர்வம். ஆயுத பூஜை அன்று கிரீஸ் வைக்கிற துவாரத்தை மறைத்துச் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டுவார்கள். அந்தத் துவாரத்துக்கு அடுத்த கவனிப்பு அடுத்த ஆயுத பூஜைக்குத்தான். பேரிங் இறுகிப் போச்சு என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் உள்ளே காய்ந்த சந்தனம்.

பாலக்கோட்டில் ஒரு தக்காளி விவசாயி, தேய்ந்துபோன சட்டிகளில் ஒன்றை மட்டும் புதுசாக மாற்றிவிட்டு, "டிஸ்க்கு மண்ணுல எறங்க மாட்டேங்குதுங்க" என்றார். புதுச் சட்டி பெரிது, பழையவை எல்லாம் தேய்ந்து சின்னது. புதுசு மட்டும் மண்ணில் வேலை செய்ய, மற்றவை காற்றில் சுற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தன. வரிசை முழுவதையும் சேர்த்து மாற்றுங்கள் என்று சொன்னேன். "எங்க ஆபீசுலயும் இப்படித்தாங்க, ஒருத்தன்தான் வேல செய்யறான். அதுக்குன்னு எல்லாத்தயுமா மாத்துறாங்க?" என்று கேட்டார். அவர் பகலில் எங்கோ குமாஸ்தா வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட புகார்களை எல்லாம் கடைசியில் தீர்த்துவைப்பவர் எங்கள் சர்வீஸ் மேனேஜர் நஞ்சப்பன் சார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எந்தக் காரியம் முடிந்தாலும் உள்ளங்கைகளைத் தட்டிக்கொண்டு "ஆயித்து" என்பார். முடிந்தது என்று அர்த்தம். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. மெக்கானிக் கடைக்கு வெள்ளைச் சட்டையில் வந்து வெள்ளைச் சட்டையிலேயே வீட்டுக்குப் போகிற வித்தை அவருக்கு மட்டும்தான் தெரியும்.

புகார் வந்த வயலுக்கு அவர் போனால் முதலில் கருவியைப் பார்க்க மாட்டார். வரப்பில் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் ஒரு முட்டியை ஊன்றி உட்காருவார். ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்குவார். மூக்குக்கு அருகில் கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். சுற்றி நிற்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். பிறகு கண்ணைத் திறந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார்: "மண்ணுதாங்க."

எந்தக் கோளாறாக இருந்தாலும் காரணம் மண்தான். பேரிங் போனாலும் மண், சட்டி பிளந்தாலும் மண். ஒருமுறை, வயலில் இன்னும் இறக்காத புது ஹாரோவில் பெயிண்ட் உரிந்துவிட்டது என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். கொட்டகையை விட்டு வெளியே வராத கருவி. சார் இப்போது என்ன செய்வார் என்று நாங்கள் ஆவலோடு பார்த்தோம். அவர் காற்றை இரண்டு தடவை முகர்ந்தார். "இந்தப் பக்கம் காத்துலயே மண்ணு இருக்குதுங்க" என்றார்.

வேடிக்கை என்னவென்றால் விவசாயிகளுக்கு இதில் கோபமே வராது. "உங்க மண்ணு சாதாரண மண்ணு இல்லீங்க, அதுக்கு ஈடு குடுக்கற இரும்பு இன்னும் வரல" என்று அவர் சொல்லும்போது, நஷ்டப்பட்டவர் முகத்தில் ஒரு பெருமை வரும். பக்கத்து வயல்காரனைத் திரும்பிப் பார்ப்பார். கடையில் நாங்கள் அவரை முதுகுக்குப் பின்னால் மண்ணப்பன் என்று கூப்பிடுவோம். அவருக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்.

இனி அந்தக் கேஸ்.

மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு ஊர். ஆரோக்கியமேரி என்று ஒரு பெண். நாற்பதை ஒட்டிய வயது. அவள் கணவர் இருதயராஜுக்கு முதுகில் ஆப்பரேஷன் ஆகி, டாக்டர் பளு தூக்காதே, டிராக்டர் சீட்டில் உட்காராதே என்று சொல்லிவிட்டார். மேரி தயங்கவில்லை. வீட்டில் இருந்த டிராக்டருக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு டிஸ்க் வாங்கினாள். சொந்த நிலம் போக, ஊரில் டிராக்டர் இல்லாத வீடுகளுக்கும் ஓட்டிக் கொடுப்பது என்று ஏற்பாடு. ஓட்டுவதற்கு ஆள் வீட்டிலேயே இருந்தார். கணவரின் அண்ணன் சவரிமுத்து.

சவரிமுத்து சாதாரண ஆள் இல்லை. சித்தேரி மலைப்பாதையில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த வளைவுகளில் ஒரு நாளும் வண்டியை நிறுத்திப் பின்னால் எடுத்துத் திருப்பியதில்லை, ஒரே வீச்சில் திருப்புவார் என்பது அவருடைய புகழ். ஊரில் அவரை எல்லோரும் டிரைவரய்யா என்பார்கள். பாதிப் பேருக்கு அவர் பெரியப்பா, மீதிப் பேருக்கு ஞானஸ்நானத்தில் கைப்பிடித்த ஞானத்தகப்பன். கோயில் திருவிழாவில் தேரைத் தெருமுனையில் திருப்பும்போது கட்டை போடுகிறவருக்குச் சைகை காட்டுகிற உரிமை அவருக்கு மட்டும்தான்.

டிஸ்க் வாங்கிக் கொஞ்ச நாளில் பின்வரிசை அச்சு ஒடிந்தது. நான் போனேன். புது அச்சை மாட்டிவிட்டு வந்தேன். மறுபடி ஒடிந்தது. மறுபடி போனேன். ஒடிந்தது அதே வரிசை, அதே முனை. அச்சு என்றால் விரல் தடிமன் கம்பி இல்லை. அதை ஒடிக்க ஒரு திறமை வேண்டும். நஞ்சப்பன் சார் கடையில் உட்கார்ந்தபடியே, மொரப்பூர்ப் பக்கத்து மண் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மூன்றாவது தடவை மேரி கூப்பிட்டபோது குரலில் அழுகை இருந்தது. அப்போதுதான் ஒரு மழை விழுந்திருந்தது. ஆடிப்பட்டம். ஊர் முழுக்கக் கடலை விதைக்கத் தயாராக இருந்தது. "அண்ணா, எல்லா வூட்டுலயும் வெதக்கடல ஒரிச்சி வெச்சிட்டாங்க. நான் ஓட்டித் தர்றேன்னு சொன்ன வார்த்தய நம்பி ஒரிச்சாங்க. ஈரம் காயறதுக்குள்ள ஓட்டணும். கொஞ்சம் வாங்கண்ணா." விவசாயம் தெரிந்தவர்களுக்குப் புரியும். தோல் உரித்த விதைக்கடலை நாள் தாங்காது. நிலத்தின் ஈரமும் யாருக்காகவும் காத்திருக்காது.

போனேன். இந்தத் தடவை கருவியைத் தொடுவதற்கு முன்னால், அவர்கள் ஏற்கெனவே ஓட்டியிருந்த பகுதியில் நடந்து பார்த்தேன். நடுவயலில் மண் அழகாகப் பொடிந்திருந்தது. வரப்போரம் போனதும் நின்றுவிட்டேன். வயலின் இரண்டு ஓரங்களிலும், டிராக்டர் திரும்புகிற இடங்களில் எல்லாம், மண்ணில் பிறை பிறையாகக் கீறல். பெரிய பெரிய பிறைகள். டிஸ்க்கை மண்ணிலிருந்து தூக்காமல், புதைந்தபடியே வைத்துக்கொண்டு டிராக்டரைத் திருப்பினால் விழுகிற தடம் அது. சட்டி முன்னோக்கி உருளத்தான் செய்யப்பட்டது. மண்ணுக்குள் இருக்கும்போது பக்கவாட்டில் இழுத்தால் அத்தனை பாரமும் அச்சின் மேல்தான் ஏறும்.

சவரிமுத்து வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்; பக்கத்தில் மேரியும் ஊர்க்காரர்கள் சிலரும் நின்றிருந்தார்கள். நான் நேரே போய்ச் சொன்னேன். "டிரைவரய்யா, நீங்க திரும்பும்போது டிஸ்க்கைத் தூக்கறதில்லீங்க. அதான் ஒடியுது. லிஃப்ட்ட தூக்கிட்டுத் திரும்புங்க, மறுபடி எறக்குங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "திரும்பறதுக்கு எனக்குச் சொல்லித் தர்றியா?"

"இல்லீங்கய்யா, இது பஸ் மாதிரி இல்லீங்க..."

"சித்தேரி ரோடு பாத்திருக்கியா நீ?"

"பாத்திருக்கேங்க. ஆனா இது..."

அவ்வளவுதான். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். சாவியை எடுத்து மேரியின் காலடியில் வரப்பின் மேல் வைத்தார். "கம்பெனிக்காரனையே ஓட்டச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அதனால்தான் அவருக்கு அவ்வளவு கோபம்.

அடுத்த அரைமணி நேரத்தில் அந்த ஊரின் அமைப்பு எனக்கு விளங்கியது. டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒருவரைக் கேட்டேன், திடீரென்று அவருக்கு இடுப்பு வலி வந்தது. இன்னொருவர், "டிரைவரய்யா எறங்குன வண்டியில நான் ஏறுனா நல்லாவா இருக்கும்?" என்றார். மூன்றாமவர் நான் வருவதைப் பார்த்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு வேறு பக்கம் போனார். விதைக்கடலை உரித்துவைத்திருந்தவர்களும் இவர்கள்தான்.

நானே ஓட்டித் தருகிறேன் என்று மேரியிடம் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள்.

"நீங்க சாயந்தரம் பைக் எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்கண்ணா. நாளைக்கு விடிஞ்சா மாமா மொகத்துல நாந்தான முழிக்கணும்?" கணவரின் அண்ணனை அவள் மாமா என்றுதான் சொல்வாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தாள். "தூக்காம திருப்பறாருன்னு எனக்குத் தெரியாதுங்களா? மொத அச்சு ஒடிஞ்ச அன்னிக்கே தெரியும். ஊருக்கே தெரியும். அந்த வளஞ்ச தடத்தப் பாத்துட்டுச் சின்னப் புள்ளைங்ககூட சிரிக்குதுங்க."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"இவரு படுத்த நாள்ல இருந்து ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் அலஞ்சவரு அவருதாங்க. கூலின்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. வண்டியில ஏறி ஒக்காந்தாத்தான் அவருக்கு மனுசன்னு ஒரு நெனப்பு வருது. அத ஒடைக்கறதுக்கு அச்சே ஒடஞ்சிட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன். ஆனா இப்ப ஊரு வெதய்க்கும் நான் பதில் சொல்லணுமே."

வேறு வழி தெரியாமல் நஞ்சப்பன் சாருக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நாளைக்கு வர்றேன். நீ வாயத் தொறக்காத" என்றார்.

மறுநாள் காலையில் மொரப்பூர் வரை பஸ்ஸில் வந்தார். அதே வெள்ளைச் சட்டை. என் பைக்கில் ஏற்றி வயலுக்குக் கூட்டிப்போனேன். மேனேஜரே வந்திருக்கிறார் என்று சேதி போனதும் சவரிமுத்துவும் வந்தார். என் மேல் புகார் சொல்லத்தான் வந்தார். அவர் பின்னால் இடுப்பு வலிக்காரர் உட்பட ஊரே வந்தது.

நஞ்சப்பன் சார் யாரிடமும் பேசவில்லை. கைக்குட்டையை விரித்தார். முட்டியை ஊன்றினார். மண்ணை எடுத்து நசுக்கி, முகர்ந்து, கண்ணை மூடினார். ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறது, இவர் பூசை போட்டுக்கொண்டிருக்கிறாரே!

"மண்ணுதாங்க" என்றார் சார்.

சவரிமுத்து என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கிட்டியா?" என்றார். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். மேரி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சார் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். கைக்குட்டையை மடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "அண்ணன் சித்தேரி லைன்ல ஓட்டுனவருங்களாமே?"

"சித்தேரின்னா சும்மாவா?" என்றார் சவரிமுத்து. முகம் கொஞ்சம் இளகியது.

"ரொம்ப நாளா ஒரு சந்தேகங்கண்ணா. யாரக் கேட்டாலும் சரியாச் சொல்லல. அந்த பஸ்ஸுல முன்னாடி ஒக்காந்தவன் நிம்மதியா தூங்கறான். கடைசி சீட்டுல ஒக்காந்தவன் மட்டும் செத்துப் பொழைக்கறானே, அது ஏனுங்க?"

சவரிமுத்து சிரித்தார். "அதுவாங்க? வண்டி திரும்பறப்ப முன்னாடி போற வழி வேற, பின்னாடி வாலு போற வழி வேறங்க. முன்னாடி ஸ்டீயரிங்க லேசா ஒடிச்சாப் போதும், வாலு அந்தண்ட வீசும். அந்த வீச்சு தெரிஞ்சி ஓட்டறவன்தான் டிரைவரு. பின்னாடி பாற இருக்குதா, மரம் இருக்குதான்னு கண்ணு பாத்துக்கிட்டே இருக்கணும்."

"பாறையில மாட்டிக்கிட்டா?"

"மாட்டுனா வாலு நின்னுக்கும். இஞ்சின் முன்னாடி இழுக்கும், வாலு வர மாட்டேன்னும். அப்புறம் எங்க பலவீனமோ அங்க ஒடிஞ்..."

வார்த்தை பாதியில் நின்றது. அவர் மெதுவாகத் திரும்பி, ஒடிந்து கிடந்த டிஸ்க்கைப் பார்த்தார். பிறகு வரப்போரத்துப் பிறைகளைப் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாக, வயலின் கடைசி வரை அவர் கண் போனது. அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்து, பிறகு பழைய நிலைக்கு வந்தது. சார் சொல்லியிருந்தபடி நான் வாயைத் திறக்கவில்லை.

"ஏம்ப்பா மெக்கானிக்கு" என்றார் கடைசியில்.

"சொல்லுங்கய்யா."

"இந்த டிஸ்க்கு டிராக்டருக்கு வாலுதான?"

"ஆமாங்கய்யா."

"மண்ணுக்குள்ள பொதஞ்சி கெடக்கற வாலு."

"ஆமாங்க."

"அப்ப திரும்பறப்ப இதத் தூக்கணுமே!"

"...ஆமாங்கய்யா."

அவர் ஊரை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னாப்பா? எத்தன தடவ வந்த நீ? வர்ற, அச்ச மாட்டற, டீ குடிக்கற, போற. ஒரு வார்த்த சொல்லலியே! பாவம், இந்தப் பொண்ணு எவ்ளோ கஷ்டப்படுது?"

ஊரே என்னைக் குற்றவாளியாகப் பார்த்தது. நேற்று என் கண்ணெதிரே வேப்பமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நஞ்சப்பன் சார் எனக்காக ஏதாவது சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"ஏம்ப்பா முனிரத்தினம், அண்ணன் மாதிரி அனுபவஸ்தருகிட்ட இதச் சொல்லியிருந்தா அப்பவே புரிஞ்சிக்கிட்டிருப்பாரே. ஏம்ப்பா சொல்லல?"

மேரி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"தோணலீங்க சார்" என்றேன்.

"ஆயித்து" என்றார் சார்.

அதன்பிறகு வேலை நடந்த வேகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. டிஸ்க்கைத் தூக்கி நிறுத்தி, அடியில் புளியங்கட்டை முட்டுக் கொடுத்தேன். முட்டு எதற்கு என்று கேட்ட ஒருவரைச் சவரிமுத்து, "பிரேக்க நம்பி வண்டிக்கடியில படுப்பியாடா?" என்று அதட்டினார். பின்வரிசையை மட்டும் கழற்றி இறக்கினோம். ஒடிந்த அச்சை உருவி, சட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் வரிசை மாறாமல் வைத்தேன். சதுரத் துவாரம் தேய்ந்திருந்த ஓரச் சட்டியை ஒதுக்கினேன். அதற்குப் பதிலாக நான் கையோடு கொண்டுவந்திருந்தது புதுசு இல்லை, மற்றவற்றின் அளவுக்கே ஓடித் தேய்ந்த ஒரு சட்டி; பாலக்கோட்டில் கற்ற பாடம்.

புது அச்சில் முதல் சட்டி, அதை ஒட்டி இடைவெளி விடும் இரும்பு உருளை, அடுத்த சட்டி, பேரிங், மறுபடி சட்டி என்று கோத்தோம். எல்லாச் சட்டியின் குழிவும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று திரும்பி நின்றாலும் அது மற்றவற்றோடு சண்டை போடும். சட்டிக்கும் உருளைக்கும் நடுவே ஒரு மண்துகள் இருந்தாலும் பிறகு அது உதிர்ந்து நட்டு தளரும் என்பதால் ஒவ்வொரு முகத்தையும் துணியால் துடைத்தேன். வெள்ளைக் கையுறைதான் இல்லை. நட்டை இறுக்கும்போது பைப்பின் கடைசியில் நானும் சவரிமுத்துவும் இடுப்பு வலிக்காரரும் சேர்ந்து தொங்கினோம். அந்த இடுப்பு அவ்வளவு பாரம் தாங்கும் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும். நட்டு அசையாமல் பூட்டுத் தகட்டை மடக்கினேன். கிரீஸ் அடித்தேன், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை. வரிசையைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சட்டிகள் எல்லாம் ஆடாமல் ஒன்றாகச் சுழன்றன.

சவரிமுத்து டிராக்டரில் ஏறினார். முதல் சால் போனார். வரப்புக்குக் கொஞ்சம் முன்னால் வேகத்தைக் குறைத்தார். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். லிஃப்ட்டைத் தூக்கினார். டிஸ்க் மண்ணை உதறிக்கொண்டு மேலே வந்தது. வண்டி திரும்பியது. மறுபடி இறக்கினார். அடுத்த ஓரத்திலும் அப்படியே. ஒரு குறையும் இல்லை. திருப்பம் ஒவ்வொன்றிலும் நீளமாக ஒரு ஹாரன் மட்டும் அடித்தார். வெட்டவெளி வயல், எதிரே ஒரு ஆடுகூட இல்லை. யாரும் அவரை எதற்கு என்று கேட்கவில்லை. ஓரிரு சால் ஓட்டியதும் நிறுத்தச் சொல்லி, தளர்ந்திருக்கிறதா என்று நட்டை மறுபடி இறுக்கிக் கொடுத்தேன். பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஈரம் காய்வதற்குள் ஊர் முழுக்க ஓட்டி முடித்தார். விதைத்தார்கள். முளைத்தது.

அன்று சாயங்காலம் சாரை மொரப்பூர் பஸ் நிறுத்தத்தில் விடக் கூட்டிப் போகும்போது எனக்கு மனசு தாங்கவில்லை. இத்தனை வருஷமாக இந்த மனிதரைப் போய் மண்ணப்பன் என்றோமே! பைக்கை ஓட்டியபடியே சொன்னேன். "சார், நீங்க அந்த பஸ் வாலச் சொல்லி அவருக்குப் புரிய வெச்சீங்க பாருங்க, எனக்குச் சாவற வரைக்கும் அந்த யோசன வந்திருக்காது சார்."

சார் பின்னாலிருந்து என் தோள் பக்கம் குனிந்தார்.

"எந்த யோசன?"

"அதான் சார், டிஸ்க்கு வாலு மாதிரின்னு..."

"அத அவருல்ல சொன்னாரு?" என்றார் சார். "எனக்கு ஒருக்கா அந்த ரோட்டுல கடைசி சீட்டுல ஒக்காந்து போயி, எறங்கற வரைக்கும் வாந்திப்பா. புதுச் சட்ட வேற. ஏன் அப்படி ஆச்சுன்னு அன்னியில இருந்து ஒரு சந்தேகம். ஓட்டுனவரே எதிர்ல நிக்கறாரேன்னு கேட்டேன்."

நான் பைக்கைப் பள்ளத்தில் விட்டேன். "பாத்து ஓட்டுப்பா" என்றார் சார்.

அவர் உண்மையைத்தான் சொன்னாரா, அல்லது என்னிடமும் ஏதாவது மண்ணைக் காட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவரிடமே திரும்பக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அடுத்த வருஷம், நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்த ஊர்ப் பக்கம் வேறொரு வேலையாகப் போனேன். மேரியின் வயலில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் மேரி. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டியிருந்தாள். வரப்பில் சவரிமுத்து நின்றுகொண்டு கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தார். "தூக்கு... தூக்கு... ஆங், ஒடி, ஒடி... எறக்கு! ரைட்!" அவர் தூக்கு என்று சொல்வதற்கு ஒரு நொடி முன்பே டிஸ்க் தூக்கப்பட்டிருந்தது. எறக்கு என்பதற்கு முன்பே இறங்கியிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும், "வாப்பா! பாத்தியா என் ட்ரெய்னிங்க?" என்றார். "முழங்கால் முன்ன மாதிரி இல்ல. சரி, தொழில யாருக்காச்சும் குடுத்துட்டுப் போவலாம்னு இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தேன். ஒரே வாரம். கப்புனு புடிச்சிக்கிச்சி."

மேரி வண்டியை நிறுத்திவிட்டு வந்தாள். அவர் தண்ணீர் குடிக்க மோட்டார் கொட்டகைப் பக்கம் போனதும் அவளிடம் கேட்டேன். "ஒரு வாரத்துலயா கத்துக்கிட்ட?"

அவள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையில கோயில் பூசைக்குப் போயிட்டு மாமா வர்றதுக்குள்ள தெனமும் எடுத்து ஓட்டிப் பழகினேங்கண்ணா, ஒரு வருசமா. எங்க வூட்டுக்காரரு கட்டில்ல இருந்தபடியே ஜன்னல் வழியா சொல்லித் தந்தாரு. அப்புறமா ஒரு நாளு மாமாகிட்டப் போயி, எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் கத்துத் தரணும்னு நின்னேன்."

"அவருக்குச் சந்தேகம் வரலியா?"

"மொத நாளு ஏறி ஒக்காந்ததும் கியர போட்டேங்க. அப்படியே பாத்தாரு. 'பரவால்ல, என்னப் பாத்தே பாதி கத்துக்கிட்டிருக்க'ன்னாரு."

கொட்டகைப் பக்கமிருந்து சவரிமுத்து, நேரமாகிறது, வண்டியை எடு என்று சத்தம் போட்டார். மேரி "தோ வந்துட்டேன் மாமா" என்று குரல் கொடுத்துவிட்டு, துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டு, டிராக்டரை நோக்கி நடந்தாள். ஏறுவதற்கு முன்னால் குனிந்து, அச்சின் நட்டைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஏறி உட்கார்ந்தாள்.